எந்த வெளிர் நீலம்?



டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிவிட்ட நம்மவர்களுக்கு, ஊர்ப்பக்கம் போகிறவர்களிடம் துணிமணி சொல்லியனுப்பும் வழக்கம் இன்னும் விட்டபாடில்லை. திருப்பதிக்குப் புறப்படும் உறவினரிடம், "அப்படியே காளஹஸ்திக்கும் போய், வெளிர் நீலத்தில் ஒரு கலம்காரிச் சேலை பார்த்து வாங்கி வாருங்கள்" என்கிறோம். இக்காலத்தில் கைப்பேசியில் ஒரு படத்தையும் அனுப்பிவைக்கிறோம். சேலை வந்து சேருகிறது. பிரித்துப் பார்த்ததும் வீட்டம்மாளின் முகம் வாடுகிறது. "நான் சொன்னது ஆகாய நிறம், இது ஏதோ பச்சை கலந்த நீலமாக அல்லவா இருக்கிறது?" என்கிறார். வாங்கி வந்தவரோ, சொன்னபடியே வாங்கியதாகச் சத்தியம் செய்கிறார். விற்றவரும் கேட்ட நிறத்தையே கொடுத்ததாகச் சொல்கிறார். மூவர் சொல்வதும் உண்மைதான். சேலை மட்டும் திரும்பிப் போகிறது. பல வாரம் குனிந்து உட்கார்ந்து அதை எழுதிய கைவினைஞருக்கு, அந்த வாரங்களின் கூலி கைக்கு வராமல் நின்றுவிடுகிறது.

இந்த வழக்கில் குற்றவாளி யார்? 'வெளிர் நீலம்' என்னும் சொல்தான் என்பது நம் கட்சி. அச்சொல் எவ்வளவு பொருளைச் சுமக்கும், அதற்குப் பதிலாக எண்களைச் சொன்னால் அவை எவ்வளவு சுமக்கும், ஓர் அளவுமுறையின் எண்ணை மற்றொரு முறைக்கு மாற்றும்போது எது தங்கும், எது உதிரும் என்பவற்றை இன்று சிறிது ஆராயலாம்.

முதலில் சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழில் 'நீலம்' என்பது நிறத்துக்கும் பெயர், குவளை மலருக்கும் பெயர், நவமணிகளுள் ஒன்றுக்கும் பெயர். திருமாலின் மேனியைச் சொல்லும்போது அது கறுப்பை நெருங்கிய நிறம். சலவைத் துணிக்கு நீலம் போடும்போது அது வெண்மையை எடுத்துக்காட்டும் நிறம். நாட்டுப்புறத்தில் பலர் நீலத்தையே 'ஊதா' என்கிறார்கள்; பாடப்புத்தகத்தில் ஊதா வேறு நிறம். இனி, நீலத்தின் மென்மையைச் சொல்ல 'இளநீலம்' என்றும் 'வெளிர் நீலம்' என்றும் இரண்டு சொற்கள் வைத்திருக்கிறோம். இளநீலம் என்றால் இன்னும் முதிராத நீலம். வெளிர் நீலம் என்றால் வெளுத்துப்போன நீலம். தெலுங்கர் 'லேத நீலம்' என்பார்கள். 'லேத' என்றால் இளசு. இந்தியில் 'ஆஸ்மானி' என்றால் வானத்து நிறம். சித்தூர்ப் பக்கத்தில் ஒரே கடையில் இந்தச் சொற்களில் இரண்டு மூன்று காதில் விழும். அவை யாவும் ஒரே நிறத்தைச் சுட்டுவதாக நாம் எண்ணிக்கொள்கிறோம்.

வானத்தைச் சாட்சிக்கு அழைத்தாலும் பயனில்லை. உச்சிவானம் ஆழ்ந்த நீலம். தொடுவானம் ஏறக்குறைய வெள்ளை. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் திருமலையின் மேல் தெரியும் வானம் வேறு, பங்குனி வெயிலில் தூசி படிந்து தெரியும் வானம் வேறு. காற்றின் மூலக்கூறுகள் கதிரவன் ஒளியில் நீலப் பகுதியை அதிகமாகச் சிதறச் செய்வதே வானத்து நீலத்துக்குக் காரணம் என்பதை 1899ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராலே விளக்கினார். கடலின் நீலமும் வானத்தின் நிழல் அன்று, நீரே ஒளியைச் சிதறடிப்பதன் விளைவு என்று காட்டியவர் சர் சி. வி. ராமன். 1921இல் கப்பலில் தாயகம் திரும்பும்போது மத்தியதரைக் கடலைப் பார்த்து எழுந்த ஐயம் அது. அப்போது அவரும் கொல்கத்தாவில் வேலை பார்த்த ஒரு வெளிமாநிலத் தமிழர்தாம்.

வானத்தின் நீலத்துக்கு எண் கொடுக்கும் முயற்சி அதற்கும் முந்தியது. 1789இல் ஜெனீவாவின் சொஸ்யூர் என்னும் அறிஞர், வெள்ளை முதல் கறுப்பு வரை 53 படிகளாக நீலம் தீட்டிய காகிதத் துண்டுகளை ஒரு வட்டத்தில் ஒட்டினார். அதை வானத்தை நோக்கித் தூக்கிப்பிடித்து, எந்தத் துண்டு வானத்தோடு ஒத்துப்போகிறதோ அதன் எண்ணைக் குறித்துக்கொள்வார். சொல்லுக்குப் பதில் எண்ணைச் சொன்னால் மலையுச்சியில் இருப்பவனும் ஊரில் இருப்பவனும் ஒரே நிறத்தைப் பற்றிப் பேசலாம் என்பது அவர் கண்ட வழி. இன்றைய நிற அட்டைகள் அனைத்துக்கும் தாத்தா அந்த வட்டம் எனலாம்.

நம் நாட்டில் இந்தக் காரியத்துக்கென்று 1947இல் இந்தியத் தர நிறுவனம் தோன்றியது. 1987 முதல் அதற்கு இந்தியத் தர அமைவனம் என்று பெயர். அதன் முதல் தரமே தேசியக் கொடியைப் பற்றியது. ஐந்தாவது தரம் பெயிண்டு நிறங்களைப் பற்றியது. அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பெயரும் மூன்றிலக்க எண்ணும் உண்டு. 101 என்றால் வான்நீலம். 166 என்றால் பிரெஞ்சு நீலம். மத்திய அரசின் ஏடுகளை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும் தொழிலில் இருக்கும் நமக்கு இந்த எண்கள் பெரிய துணை. 'வான்நீலம்' என்று எழுதலாம், 'ஆகாய நீலம்' என்று எழுதலாம். பக்கத்தில் 101 என்ற எண் இருக்கும்வரை பெயிண்டு பூசுகிறவர் தவறான டப்பாவைத் திறக்கமாட்டார். அந்த எண்ணை விட்டுவிட்டு வெறும் 'நீலம்' என்று எழுதினால் என்ன ஆகும்? தொழிற்சாலைக் குழாய்களுக்கான இந்தியத் தரத்தில் காற்று செல்லும் குழாய்க்கு வான்நீலம் அடிப்படை நிறம். மருத்துவமனையிலோ, மயக்கம் கொடுக்கப் பயன்படும் நைட்ரஸ் ஆக்சைடு உருளைக்கு நெடுங்காலமாக நீலமே அடையாளம். பிராணவாயு உருளைக்குக் கறுப்பு உடலும் வெள்ளைத் தோளும். இத்தகைய இடங்களில் ஒரு நீலத்துக்கும் மற்றொரு நீலத்துக்கும் உள்ள வேறுபாடு அழகைப் பற்றியதாக இராது. உயிரைப் பற்றியதாகவும் இருக்கக்கூடும். ஆதலால்தான் நிறத்தை மொழிபெயர்க்கும்போது எண்ணைத் தொடாமல் விடுவதை நாம் விதியாக வைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆயினும், அட்டையிலுள்ள எண் அட்டை இருக்கும் இடத்தில்தான் பேசும். அட்டை மங்கினால் எண்ணும் மங்கிவிடும். அட்டை இல்லாமலே நிறத்தை அளக்க ஒரு வழி வேண்டுமல்லவா? அதற்காக 1931இல் பன்னாட்டு ஒளியியல் ஆணையம் ஒரு முடிவு செய்தது. நிறம் என்பது பொருளில் மட்டும் இல்லை. பொருளின் மேல் விழும் ஒளியும், அதைக் காணும் கண்ணும் சேர்ந்தே நிறம் பிறக்கிறது. ஆகவே ஒரு தரமான ஒளியும் ஒரு தரமான கண்ணும் தேவை. இங்கிலாந்தில் ரைட் என்பவர் 10 பேரையும், கில்ட் என்பவர் 7 பேரையும் வைத்துத் தனித்தனியே செய்த சோதனைகளைச் சேர்த்து, அந்த 17 பேருடைய பார்வையின் சராசரியை 'தரமான பார்வையாளர்' என்று ஆணையம் ஏற்றுக்கொண்டது. உலகத்தில் இன்று நிறத்தை அளக்கும் கருவிகள் பலவற்றின் அடியில் இருப்பது அந்தப் பதினேழு பேரின் கண். கண்ணப்பர் தம் கண்ணைப் பெயர்த்து அப்பிய காளத்தியைப் பற்றிப் பேசும்போது, உலகத்துக்குக் கண் கொடுத்த அந்தப் பெயர் தெரியாதவர்களையும் நினைத்துக்கொள்வது பொருத்தமே.

இப்போது ஒரு வெளிர் நீலத்தை எடுத்து, அது முறைக்கு முறை எவ்வாறு வேடம் மாறுகிறது என்று பார்ப்போம். கணினித் திரைக்கென்று தரப்படுத்திய நிறப்பெயர்களுள் 'வெளிர் நீலம்' என்று ஒன்று உண்டு. 1980களில் அமெரிக்காவில் கணினிச் சாளர மென்பொருள் ஒன்றுக்காகத் தொகுத்த பட்டியலிலிருந்து அது இணையத்தின் தரத்துக்குள் வந்தது. திரையின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று விளக்குகள் இருப்பதாகக் கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் 0 முதல் 255 வரை ஏற்றலாம். இந்த வெளிர் நீலத்துக்குச் சிவப்பு 173, பச்சை 216, நீலம் 230. மூன்றையும் 255க்கு ஏற்றினால் வெள்ளை. ஆகவே, இந்த நீலத்தில் சிவப்பும் பச்சையும் நிறையவே இருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும்.

கணினிக்காரர்கள் இதையே ஆறு குறிகளாகச் சுருக்கி 'ஏடிடி8இ6' என்று எழுதுவார்கள். இதில் மர்மம் ஏதுமில்லை. நாம் பத்துப் பத்தாக எண்ணுவதை அவர்கள் பதினாறு பதினாறாக எண்ணுகிறார்கள். பத்துக்கு 'ஏ', பதின்மூன்றுக்கு 'டி', பதினான்குக்கு 'இ'. ஆகவே முதல் இரண்டு குறிகள் பதினாறு பத்தும் ஒரு பதின்மூன்றும் சேர்ந்து 173. அடுத்த இரண்டு, பதினாறு பதின்மூன்றும் எட்டும் சேர்ந்து 216. கடைசி இரண்டு, பதினாறு பதினான்கும் ஆறும் சேர்ந்து 230. இந்த மாற்றத்தில் எள்ளளவும் சேதம் இல்லை. ரூபாயைச் சில்லறையாக மாற்றுவது போன்றது இது.

நிறங்களை ஒரு வட்டமாக வைத்து, அதில் எந்தப் பாகை, எவ்வளவு செறிவு, எவ்வளவு ஒளிர்மை என்று கேட்கும் முறையும் உண்டு. அம்முறையில் இந்த நிறம் 195ஆம் பாகை. செறிவு 53 விழுக்காடு. ஒளிர்மை 79 விழுக்காடு. சுத்த நீலம் 240ஆம் பாகையிலும், பச்சையும் நீலமும் சரிபாதி கலந்த சயான் 180ஆம் பாகையிலும் இருக்கின்றன. ஆக, நாம் வெளிர் 'நீலம்' என்று அழைக்கும் இந்த நிறம் நீலத்தைவிடச் சயானுக்கே அருகில் இருக்கிறது. 'பச்சை கலந்த நீலம்' என்று முகம் சுளித்த அந்த வீட்டம்மாள், தம் கைப்பேசியில் இருந்த நிறத்தைப் பற்றியே அப்படிச் சொல்லியிருந்தாலும் பிழையில்லை!

அச்சகத்துக்குப் போனால் கதை மாறுகிறது. அங்கே விளக்கு இல்லை. வெள்ளைத் தாளின் மேல் மை. எளிய கணக்கின்படி இந்த நிறத்துக்குச் சயான் மை 25 பங்கு, மெஜந்தா 6, மஞ்சள் 0, கறுப்பு 10. கணக்கு என்னவோ சரிதான். ஆனால் அந்த எண்களைக் கொடுத்து இரண்டு அச்சகங்களில் அச்சிட்டால் இரண்டு நிறம் வரும். தாள் வேறு, மை வேறு, இயந்திரம் வேறு. திரையில் பளிச்சென்று தெரியும் சில நீலங்களை மையால் எட்டவே முடியாது என்பதும் உண்மை.

கண்ணின் பார்வைக்கு ஒத்தபடி அளக்க வேண்டும் என்று 1976இல் அதே பன்னாட்டு ஆணையம் மற்றொரு முறையை வகுத்தது. அதில் ஒளிர்வுக்கு ஓர் எண், பச்சை–சிவப்புக்கு ஓர் எண், நீலம்–மஞ்சளுக்கு ஓர் எண். நம் வெளிர் நீலத்துக்கு ஒளிர்வு 84. பச்சையின் பக்கம் 11. நீலத்தின் பக்கம் பதினொன்றரை. இம்முறையின் பெருமை என்னவென்றால், இரண்டு நிறங்களுக்கு இடையே உள்ள தூரத்தையும் சொல்லிவிடலாம். தூரம் ஒன்றுக்குள் இருந்தால் சாதாரணக் கண் வேறுபாட்டைக் காண்பது அரிது என்பது பொதுவான வழக்கு. அதே இணையத் தரத்தில் 'வான்நீலம்' என்று மற்றொரு நிறம் இருக்கிறது. சிவப்பு 135, பச்சை 206, நீலம் 235. நம் வெளிர் நீலத்துக்கும் இந்த வான்நீலத்துக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிட்டால் ஏறக்குறைய பதினொன்றரை வருகிறது. பேச்சு வழக்கில் இரண்டையும் நாம் ஒன்றாகவே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இத்தனை எண்களும் ஒரே நிறத்தின் பல பெயர்கள் என்று தோன்றும். ஆனால் 'வெளிர்' என்னும் ஒரு சொல்லுக்குள் நான்கு வெவ்வேறு செயல்கள் ஒளிந்திருப்பதைப் பாருங்கள். திரையில் நீலத்தை வெளிறச் செய்ய வேண்டுமானால் சிவப்பு விளக்கையும் பச்சை விளக்கையும் ஏற்ற வேண்டும். பெயிண்டில் வெள்ளையைக் கலக்க வேண்டும். அச்சில் மைப்புள்ளிகளைச் சிறிதாக்கி இடையில் தாளின் வெண்மை தெரியுமாறு விட வேண்டும். துணியில் சாயத்தைக் குறைத்து, நூலின் இயல்பான நிறம் ஊடே தெரியச் செய்ய வேண்டும். முதல் இரண்டும் சேர்ப்பது. பின் இரண்டும் விடுவது. ஆகவே தாளும் துணியும் எந்த வெண்மையோ, அந்த வெண்மைதான் வெளிர் நீலத்தின் பாதி. கருநீலத்தில் அடித்துணி மறைந்துவிடும். வெளிர் நீலத்தில் அது மறைவதில்லை. நிறங்களுக்குள் வெளிர் நிறங்களே முறைக்கு முறை மிகவும் தடுமாறுவதற்கு இது ஒரு காரணம்.

மொழிபெயர்ப்பிலும் இப்படித்தான். 1919 பிப்ரவரியில் தாகூர், அன்றைய சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த மதனபள்ளியில் தங்கியிருந்தபோது, 'ஜன கண மன' பாடலைத் தாமே ஆங்கிலமாக்கினார். பாடலை இயற்றியவரே மொழிபெயர்த்தார். ஆயினும் வங்காளத்தின் ஓசை ஆங்கிலத்துக்கு வரவில்லை, வரவும் முடியாது. பொருள் வந்தது. எந்த மொழியில் எதற்கு இடம் இருக்கிறதோ அதுவே அம்மொழிக்குள் போகும். திரையின் எண்ணை மையின் எண்ணாக்குவதும், மையின் எண்ணைச் சாயத்தின் செய்முறையாக்குவதும் அத்தகைய மொழிபெயர்ப்புகளே. பதினாறின் கணக்கை மட்டும் அந்த வரிசையில் சேர்க்க வேண்டாம். அது ஒரே மொழியை வேறு எழுத்தில் எழுதுவது.

இனிக் காளஹஸ்திக்கு வருவோம். திருப்பதியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், சுவர்ணமுகி ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபின் நெடுங்காலம் அதிலேயே இருந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் பிரிந்தபோது அதனுள் சேர்ந்தது. 'கலம்' என்றால் எழுதுகோல், 'காரி' என்றால் வேலை. மூங்கில் குச்சியின் நுனியைக் கூராக்கி, அதன்மேல் துணியோ கம்பளியோ சுற்றி, சாயத்தைத் தோய்த்து, விரலால் அழுத்தி அழுத்தி வரைவது இங்குள்ள முறை. விடுதலைக்குப் பின் இக்கலை நலியும் நிலையில் இருந்தபோது, கமலாதேவி சட்டோபாத்தியாயர் முதலியோரின் முயற்சியால் 1950களின் இறுதியில் இங்கே பயிற்சி நிலையம் ஒன்று ஏற்பட்டது. 2005–06இல் காளஹஸ்திக் கலம்காரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இக்கலைஞர்களுள் ஒருவரான ஜொன்னலகட்ட குரப்ப செட்டிக்கு 2008இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இங்கே துணி வெள்ளையாக வேலையைத் தொடங்குவதில்லை. கோரா பருத்தித் துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் நனைத்து உலர்த்துகிறார்கள். கடுக்காய் துணியில் சாயம் பிடிக்க உதவும். பாலிலுள்ள கொழுப்பு சாயம் கசிந்து பரவாமல் தடுக்கும். இதனால் துணி இளமஞ்சள் சாயல் பெறுகிறது. இரும்புத் துண்டும் வெல்லமும் ஊறிப் புளித்த நீர், கடுக்காய் ஏறிய துணியில் பட்டதும் கறுப்பாகிறது. படிகாரம் தீட்டிய இடம் வேர்ச்சாயத்தில் வேகும்போது சிவக்கிறது. இடையிடையே ஓடும் நீரில் அலசுகிறார்கள். இராமனுக்கும் கண்ணனுக்கும் நீலம், அனுமனுக்குப் பச்சை என்று மரபு உண்டு. அந்த நீலம் அவுரியிலிருந்து வருவது.

அவுரியின் குணம் மற்றச் சாயங்களின் குணம் அன்று. இலையை ஊறவைத்துப் புளிக்கச் செய்து, நீரை அடித்துக் கலக்கினால் அடியில் நீல வண்டல் படியும். அந்த வண்டல் நீரில் கரையாது. சுண்ணாம்பும் தகரை விதையும் போன்றவற்றைச் சேர்த்துத் தொட்டியை மீண்டும் புளிக்க வைத்தால், நீலம் மறைந்து மஞ்சட்பச்சையாகக் கரையும். அதில் தோய்த்த துணியும் பச்சையாகவே வெளியே வரும். காற்றுப் பட்டபின் கண்முன்னே நீலமாக மாறும். சாயக்காரர் எந்த நிறத்தை விரும்புகிறாரோ அந்த நிறத்தைத் தொட்டியில் பார்க்க முடியாது என்பதே இதன் விசித்திரம். தோய்க்கும் எண்ணிக்கை கூடக் கூட நீலம் ஆழமாகும். வெளிர் நீலம் வேண்டுமானால் ஒரு முறையோடு நிறுத்த வேண்டும், அல்லது வலுக்குறைந்த பழைய தொட்டியில் தோய்க்க வேண்டும். சோழமண்டலக் கரையில் பழைய காலத்தில் நீலம் வேண்டாத இடங்களையெல்லாம் மெழுகால் மூடித் துணியைத் தொட்டியில் இறக்குவார்கள். 1742இல் பிரெஞ்சுப் பாதிரியார் கேர்தூ இதை விளக்கமாக எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். தெலுங்கில் வல்லவரான அவர், சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் உள்ள உறவைச் சுட்டிக்காட்டிய முன்னோடிகளுள் ஒருவர். மொழியின் சாயலையும் சாயத்தின் செய்முறையையும் ஒரே கண்ணால் கவனித்தவர் என்பதில் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி. இக்காலத்தில் காளஹஸ்தியில் நீலத்தையும் கலத்தாலோ தூரிகையாலோ தீட்டுவதுண்டு.

'நீல' என்னும் நம் சொல் அராபியர் வாயில் 'அந்நீல்' ஆகி, போர்ச்சுகீசியர் வாயில் 'அனில்' ஆகி, ஐரோப்பிய வேதியியலில் 'அனிலின்' ஆயிற்று. அந்த வேதியியலே அவுரிக்கு எமனாகவும் வந்தது. ஜெர்மனியின் அடால்ப் பேயர் அவுரி நீலத்தை ஆய்வகத்தில் ஆக்கிக்காட்டினார்; 1905இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1897 முதல் ஜெர்மன் ஆலையின் செயற்கை நீலம் சந்தைக்கு வந்ததும், வங்காளம் பீகாரிலும் சென்னை மாகாணத்திலும் அவுரி விளைந்த வயல்கள் சில ஆண்டுகளில் சுருங்கிவிட்டன. இரண்டு நீலத்துக்கும் மூலக்கூறு ஒன்றே. ஆனால் ஆலை நீலம் தூய்மையானது; ஒவ்வொரு பொட்டலமும் ஒன்றுபோல இருக்கும். செடியின் நீலத்தில் வேறு பொருள்களும் கொஞ்சம் கலந்திருக்கும். மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ப அளவு மாறும். அடியிலோ கடுக்காயின் மஞ்சள் சாயல். மஞ்சளின்மேல் மென்மையாக ஏறிய நீலம் சிறிது பச்சையாகத் தெரிவது இயற்கையின் கணக்கு. கைவினைஞரின் கவனக்குறைவென்று அதைச் சொல்லலாகாது.

எண்ணால் ஆணையிடும் வாணிகம் இங்கேதான் கலைஞரின் கழுத்தைப் பிடிக்கிறது. ஆலைத் துணிக்கு உரிய 'ஒன்றுக்குள்' என்ற தூரத்தைக் கையால் எழுதிய துணியிடமும் எதிர்பார்த்தால் அவர் தோற்பது நிச்சயம். திரும்பி வரும் சரக்குக்குப் பயந்து, செயற்கைச் சாயத்துக்கும் அச்சுப் பதிப்புக்கும் அவர் மாறிக்கொள்ளக்கூடும். பிறகு எண் பொருந்தும், கலம்காரி இருக்காது. அதற்காக எண்ணே வேண்டாம் என்றும் நாம் சொல்லவில்லை. எண் இல்லாத ஆணையிலும் இழப்பு அவருக்கே. எண்ணை எந்த இடத்தில் எப்படிச் சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொள்வதே வழி.

ஆகையால், துணி சொல்லியனுப்பும் நேயர்களுக்கு நாம் கூற விரும்புவன சில. முதலாவது, எண்ணைச் சொன்னால் எந்த முறையின் எண் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்; 101 என்பது பெயிண்டு அட்டையில் ஒரு நிறம், திரையில் ஒரு விளக்கின் அளவு. இரண்டாவது, கைப்பேசிப் படத்தை மட்டும் நம்பவேண்டாம். உங்கள் திரையும் கடைக்காரரின் திரையும் ஒன்றல்ல. விரல் அகலத் துணித்துண்டோ ஒரு முழம் நூலோ தபாலில் அனுப்பினால், அதைவிட நல்ல மொழிபெயர்ப்பு வேறில்லை. மூன்றாவது, ஒளியைக் கவனியுங்கள். ஜவுளிக்கடையில் புடவையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்க்கும் நம் தாய்மார்களின் பழக்கம் மிகவும் அறிவியல் பூர்வமானது. குழல்விளக்கின் கீழ் ஒத்துப்போகும் இரண்டு நீலங்கள் வெயிலில் பிரிந்துவிடுவது உண்டு. நான்காவது, பாவாடைக்கும் சட்டைக்கும் ஒரே நிறம் வேண்டுமானால் ஒரே சமயத்தில், ஒரே தொட்டியில் தோய்த்ததாகக் கேளுங்கள். ஆறு மாதம் கழித்து அதே நீலத்தைக் கேட்பது, போன ஆண்டின் மழையைக் கேட்பது போல. ஐந்தாவது, எவ்வளவு வேறுபாடு வரை ஏற்றுக்கொள்வீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இயற்கைச் சாயத்துக்குச் சிறிது தாராளமாகவே சொல்லுங்கள்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். சாயத்துணி வெளிச்சத்தில் எவ்வளவு நாள் தாங்கும் என்று சோதிப்பதற்கென்றே தரப்படுத்திய நீலக் கம்பளித் துண்டுகள் எட்டு உண்டு. எந்தத் துண்டோடு சேர்ந்து துணி வெளுக்கிறதோ அந்த எண் அதற்குக் கிடைக்கும். அச்சோதனையில் ஒரே சாயம் கருமையாக ஏறியபோது தாங்குவதைவிட, வெளிராக ஏறியபோது குறைவாகவே தாங்கும். ஆகவே வெளிர் நீலத்தை நிழலில் உலர்த்துங்கள். இன்று பொருத்தம் பார்த்து வாங்கிய எண், பத்து வெயிலுக்குப் பின் வேறு எண்ணாகிவிடும்.

அடுத்த முறை காளஹஸ்தியிலிருந்து ஒரு சேலை வரும்போது, அதை முதலில் பகல் வெளிச்சத்துக்குக் கொண்டு போங்கள். அதில் நீலம் எங்கே முடிகிறது, கடுக்காய் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். அதன்பின் திருப்பி அனுப்புவதா, உடுத்துவதா என்று தீர்மானியுங்கள். பெரும்பாலோர் உடுத்துவதென்றே தீர்மானிப்பார்கள் என்பது நம் நம்பிக்கை.